டோக்கியோவில் நீங்கள் பயணியா, ஊர்வாசியா?

நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வந்தார். மூன்று மாத புராஜெக்டுக்காக டோக்கியோ போகிறார். மனைவியும் ஐந்து வயது மகளும் உடன் போகிறார்கள். அங்கே பார்க்க வேண்டிய இடங்களைப் போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், மூணு மாசமும் நாங்க முஸாஃபிர்தானே? லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதுக்கலாம்ல?"

வேலை நிமித்தம் வெளிநாடு போகும் பலரிடம் இந்த எண்ணம் இருக்கிறது. ஆனால் அது சரியல்ல. ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்க எண்ணினாலே பயணி என்ற சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அந்த அளவு 15 நாட்கள். மூன்று மாதம் என்று முடிவு செய்து போகிறவர் இரண்டு மத்ஹபிலும் முதல் நாளிலிருந்தே முகீம், அதாவது ஊர்வாசி. ஐந்து நேரத் தொழுகையையும் அததற்குரிய நேரத்தில், முழுமையாகத் தொழ வேண்டும். ஒரு வாரச் சுற்றுலாவாக டோக்கியோவில் தங்கினால் ஹனஃபிகள் கஸ்ர் செய்வார்கள். ஆனால் அவர்களுக்கு அப்போதும் இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது கிடையாது.

ஆகவே ஊர் சுற்றும் திட்டத்தைத் தொழுகை நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும். அந்த நேரமோ நம் ஊர் மாதிரி இருக்காது. டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்குச் சூரியன் மறைந்துவிடும். லுஹர் தொடங்கி மஃரிப் வருவதற்கு ஐந்து மணி நேரம்தான். மதியம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது அஸர் போயிருக்கும். ஜூனில் நாலரைக்கே சூரியன் உதித்துவிடும். ஃபஜ்ர் மூன்று மணிக்கு முன்பே வந்துவிடும். கிப்லா மட்டும் ஏறத்தாழ நமக்குப் பழகிய திசைதான், மேற்கிலிருந்து சற்று வடக்கே.

தொழ இடம் கிடைப்பது இப்போது முன்போல் சிரமமில்லை. நரிதா, ஹனேதா விமான நிலையங்களிலும் டோக்கியோ ரயில் நிலையத்திலும் தொழுகை அறை உண்டு. சிரமம் உளூவில்தான். பொதுக் கழிவறையின் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவதை ஜப்பானியர்கள் மிகவும் அருவருப்பாகப் பார்ப்பார்கள். வீட்டிலேயே முழு உளூ செய்து தோல் காலுறை அணிந்து கொண்டால், வெளியே அதன் மேல் மஸஹ் செய்தால் போதும். இதிலும் அதே கணக்குதான்: ஊர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று நாட்கள்.

சாப்பாட்டில் எச்சரிக்கை இறைச்சிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மிரின் என்ற இனிப்பான அரிசி மது பல குழம்புகளிலும் டெரியாகி சாஸிலும் சேரும். ராமன் நூடுல்ஸ் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சியது. குழந்தைகள் கேட்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். போனில் மொழிபெயர்ப்புக் கேமராவை வைத்து லேபிளைப் படித்த பிறகே வாங்குங்கள். ஷின்-ஓகுபோ ஸ்டேஷன் பக்கம் 'இஸ்லாம் சந்து' என்றே பெயர் பெற்ற ஒரு தெரு இருக்கிறது. ஹலால் இறைச்சி, மசாலா, பருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும்.

தம்பியின் பட்டியலில் முதலில் இருந்தது அசகுசாவின் சென்சோஜி புத்தக் கோயில். அதன் வாசலுக்குப் போகும் நகாமிசே கடைத்தெருவில் நடப்பதில் குற்றமில்லை. ஆனால் அங்கே புகையை மேலே வாரிக்கொள்வதும் காசு போட்டுக் கைகூப்புவதும் வழிபாடு. நாம் விலகி நிற்க வேண்டியவை. குழந்தைகள் ஆசைப்படுவது ஒமிகுஜி. டப்பாவைக் குலுக்கி, வெளியே வரும் குச்சியின் எண்ணுக்குரிய இழுப்பறையைத் திறந்து பலன் சீட்டு எடுப்பார்கள். விளையாட்டுப் போலத் தெரியும். ஸூரத்துல் மாயிதாவின் 90-ஆம் வசனம் மது, சூதாட்டத்தோடு சேர்த்துத் தடுக்கும் அம்புக்குறி பார்ப்பதற்கும் இதற்கும் கருவி மட்டுமே வேறு. "நமக்கு அது வேண்டாம்மா" என்று மகளிடம் அமைதியாகச் சொல்லலாம். அங்கே வணங்குகிறவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதும் போட்டோ எடுத்துக் கேலி செய்வதும் நம் பண்பல்ல.

அந்தப் பட்டியலில் ஒரு பள்ளிவாசல் கூட இல்லை. டோக்கியோ ஜாமிஉ பள்ளியை முதல் சனிக்கிழமைக்கு வைக்கச் சொன்னோம். ரஷ்யப் புரட்சிக்குப் பின் அடைக்கலம் தேடி வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் முன்னின்று 1938-ல் திறந்த பள்ளி அது. முதல் இமாம் அப்துர் ரஷீத் இப்ராஹீம் 1944-ல் டோக்கியோவிலேயே வஃபாத்தானார். பழுதடைந்த கட்டிடம் 1986-ல் இடிக்கப்பட்டது; இப்போதுள்ள உஸ்மானியப் பாணிப் பள்ளியைத் துருக்கியர் கட்டி 2000-ல் திறந்தார்கள். முஸ்லிமல்லாத ஜப்பானியர்களும் ஏராளமாக வந்து பார்க்கிறார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாயிலிருந்து தோசாய் ரயிலில் ஓதெமாச்சி வந்து, சியோதா ரயிலுக்கு மாறினால் கடைசி நிறுத்தம் யோயோகி-உஎஹாரா. பள்ளி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. திரும்பும்போது யோயோகி பூங்காவில் குழந்தையை ஓட விடலாம்.

ஓட்சுகா பள்ளியையும் பார்க்க வேண்டும். சாதாரண மாடிக் கட்டிடம்தான். ஆனால் 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது அந்த ஜமாஅத்தார் அக்கம்பக்கத்து ஜப்பானியர்களோடு சேர்ந்து சோற்று உருண்டை பிடித்து, பாதிக்கப்பட்ட வடகிழக்கு ஊர்களுக்கு வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். 2004 சுனாமியைக் கண்ட நம் கடற்கரைக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். நம் நாட்டு மௌலவி பரக்கத்துல்லாஹ் போபாலி 1909-லேயே டோக்கியோ சென்று அயல்மொழிப் பள்ளியில் உருது கற்பித்தார் என்பதையும் தம்பியிடம் சொன்னோம். அவருக்கு அது புதிய செய்தி.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ நானூறு கிலோமீட்டருக்கு மேல். வார இறுதியில் இரண்டு நாள் அங்கே போய் வந்தால் அந்த இரண்டு நாளும் பயணிதான், சலுகையும் உண்டு.

"அப்ப கியோட்டோவை லிஸ்ட்ல மேல ஏத்திடறேன் ஹஜ்ரத்" என்று சிரித்துக்கொண்டே போனார்.