வண்டியில் விழும் கீறலும் வியாபாரியின் கணக்கும்

மூட்டையில் சிறு ஓட்டை விழுந்தால் அன்றைக்கே கோணி ஊசி எடுத்துத் தைத்து விடுகிறோம். அரிசி சிந்துவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மூட்டையை ஏற்றி வரும் வண்டியில் கீறல் விழுந்தால் மட்டும், "வண்டிதான் ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம்" என்று விட்டு விடுகிறோம். அந்தக் கீறலில் நடக்கும் நஷ்டம் வெளியே தெரிய ஒரு மழைக்காலம் ஆகிறது. அப்போது கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

இதை அனுபவப்பட்டே எழுதுகிறோம். நெல்லித்தோப்பில் உள்ள எங்கள் மண்டிக்கு ஒரு குட்டி யானை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் கதவின் அடிப்பக்கத்தில் ஒரு சாமி படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். டிரைவர் தம்பியின் பக்தி என்று எண்ணிக்கொண்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் வண்டி கழுவும்போது அந்தப் படம் உரிந்து வந்தது. கூடவே துருப்பிடித்த தகடும் உதிர்ந்தது. விரல் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை. விசாரித்ததில், சந்தில் திருப்பும்போது சுவரில் உரசிய இடம் அது என்றும், கூலியில் பிடித்து விடுவோம் என்று பயந்து படம் ஒட்டி மறைத்ததாகவும் தம்பி சொன்னார். அப்படிப் பிடிக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது உண்மைதான். ஒரு பகலில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தகடு வெட்டி வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து ஆறு நாள் வண்டியைப் பட்டறையில் நிறுத்தியது. அந்த ஆறு நாளும் வாடகை வண்டியில் சரக்கு அனுப்பினோம்.

பெயிண்டுக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய வண்டிகளின் தகட்டின் மேல் ஒரே பூச்சு இருப்பதில்லை. கம்பெனியில் தகட்டைச் சுத்தம் செய்து பாஸ்பேட் குளியல் கொடுத்த பிறகு, மின்சாரத்தின் உதவியால் பிரைமர் ஏற்றுகிறார்கள். துருவைத் தடுக்கும் முதல் காவல் இதுவே. அதன்மேல் இன்னொரு பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் கனம், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். சாதாரண வெள்ளை நிறச் சரக்கு வண்டிகளில் கிளியர் கோட் இல்லாமல் நிறமே மேல் பூச்சாக இருப்பதும் உண்டு. துணியில் பாலிஷ் தொட்டு ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் கிளியர் கோட் இல்லை என்று அறியலாம்.

நகத்தால் ஒரு சோதனை

கீறலைக் கழுவித் துடைத்த பின் அதன் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள்.

1. நகம் தட்டவில்லை என்றால் கீறல் மேல் பூச்சோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டால் மறைந்து விடும். சற்றே ஆழமானால் 2000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்த பின் காம்பவுண்ட் போடலாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் மேல் பூச்சு கொஞ்சம் கரைகிறது. ஆகவே ஒரே இடத்தில் அடிக்கடி தேய்க்கக் கூடாது.

2. நகம் தட்டி, உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நன்றாகக் காய விட்டு, டச்சப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் வைக்க வேண்டும். கனமாக ஒரே தடவை வைக்காமல், காயக் காய இரண்டு மூன்று தடவை வைப்பது நல்லது. பெயிண்ட் வாங்கும்போது "வெள்ளை" என்று கேட்டால் போதாது. வெள்ளையிலேயே பல உண்டு. கதவுத் தூணிலோ பானெட்டின் உள்ளேயோ உள்ள தகட்டில் நிறக் குறியீட்டு எண் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டு போக வேண்டும்.

3. பளபளவென்று தகடோ, செம்பழுப்புத் துருவோ தெரிந்தால் தள்ளிப் போடவே கூடாது. உப்புத்தாளால் துருவை முழுதும் எடுத்து, பிரைமர் வைத்து, அதன் பிறகே நிறம் வைக்க வேண்டும். துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளே அது வளர்ந்து கொண்டே போகும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம்போல் எழும்புகிறது.

ஒடுக்கும் பட்டியும்

தகடு நசுங்கிப் பெயிண்ட் உடையாமல் இருந்தால், பின்பக்கத்திலிருந்து கம்பி கொடுத்து நெம்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெயிண்ட் வேலையே தேவைப்படாது. பெயிண்ட் உடைந்திருந்தால் டிங்கரிங் செய்து பட்டி பூச வேண்டும். முதலில் தகட்டை முடிந்தவரை தட்டி நேராக்க வேண்டும். மிச்சமுள்ள சிறு மேடுபள்ளத்தை நிரப்பத்தான் பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் வண்டியின் அதிர்ச்சியில் வெடித்து விடும். 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் சுமார் 2 கிராம்தான். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிக் கலந்தால் பின்னால் நிறம் மாறும், வெடிப்பும் வரும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஆதலால் பட்டி பூசிய வண்டியை பெயிண்ட் அடிக்காமல் மழையில் ஓட்டக் கூடாது.

பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம் ஓரிடத்தில் பிடிக்காமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் பம்பருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பம்பர் துருப்பிடிக்காது என்பதால் அதன் கீறலுக்கு அவசரமும் இல்லை. பெயிண்ட் அடிப்பதானால் பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் வேண்டும்.

ஹார்டனர் கலந்த 2கே பெயிண்டின் ஆவி நுரையீரலைக் கெடுக்கக் கூடியது, ஆஸ்துமாவும் வரலாம். வேலை செய்பவர் உரிய முகமூடி இல்லாமல் அடித்தால், "முகமூடி போட்டுக்கொள் தம்பி" என்று சொல்வது வண்டிக்காரரான நம் கடமையும்தான்.

நம் ஊருக்கு மட்டும் உள்ள அவசரம்

புதுச்சேரியில் கடற்காற்று உண்டு. போதாததற்கு மளிகைக்காரர் வண்டியில் மரக்காணம் உப்பு மூட்டையும் ஏறும். உப்புக் கலந்த ஈரம் துருவை வேகப்படுத்தும். உப்பு இறக்கிய அன்றே வண்டித் தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். மண்ணும் சருகும் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். குச்சியால் குத்தி விடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியபோதும் நம் தெருக்கள் பட்ட பாட்டை அறிவோம். அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் பெயிண்ட் வெளுத்துப் போகும். ஆகவே பட்டறை வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துக் கொள்வது நலம்.

இன்சூரன்ஸ் கணக்கு

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் நம் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், சரக்கு வண்டிகளில் பம்பர், மட்கார்டு, விளக்கு, பெயிண்ட் ஆகியவற்றின் சேதம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கியிருந்தால்தான் அவை சேரும். உங்கள் பாலிசியை எடுத்து அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தாலும் சிறு கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவது லாபமா என்று யோசிக்க வேண்டும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி, ஒரு கிளெய்மில் போய்விடும். நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகையும், பெயிண்ட் பொருளுக்கான தேய்மானக் கழிவும் வேறு உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பின் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று

அந்த ஆறு நாள் நஷ்டத்துக்குப் பிறகு, கீறலுக்குக் கூலியில் பிடிக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. வண்டியில் எங்கே, எப்போது உரசியது என்று அன்றன்றே தம்பி எழுதி வைக்கிறார். எழுதினால் கோபமும் இல்லை, பிடித்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டச்சப் வைத்து விடுகிறோம். அதன் பிறகு வண்டியில் கீறல் விழாமல் இல்லை. ஆனால் ஓட்டை விழவில்லை. உறுப்பினர்களும் தங்கள் கடையில் இப்படி ஒரு நோட்டு வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.