பிறக்கும்போதே தளர்ந்த கை: தவறு யாருடையது, இழப்பீடு எப்போது?

தலை வெளியே வந்துவிட்டது, தோள் வரவில்லை. மகப்பேற்று மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிமிடங்களில் இது ஒன்று. குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. தொப்புள்கொடி நசுங்கினால் மூளைக்கு ஆக்சிஜன் குறையும். எனவே குழந்தையை விரைவாக எடுத்தே ஆகவேண்டும். அந்த அவசரத்தில் தலையைப் பிடித்து வளைத்து இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபடும். சில சமயம் அறுந்தும் போகும்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிணைந்து கை முழுவதையும் இயக்குகின்றன. அந்தப் பின்னலுக்கு பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். மேல் இரண்டு வேர்கள் பாதிக்கப்பட்டால் வருவதை எர்ப்ஸ் பால்சி என்கிறார்கள். தோள் உயராது, முழங்கை மடங்காது, கை உட்புறமாகத் திரும்பித் தொங்கும், விரல்கள் மட்டும் அசையும். கீழ் வேர்களும் சேதமானால் விரல்களும் செயலிழக்கும்.

மருத்துவமனைப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் இது தெரிந்துவிடும். பாதிப்பு லேசாக இருந்தால், வீட்டுக்கு வந்தபின் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியின் கண்ணில் படலாம்: ஒரு கை உதறுகிறது, மறு கை சும்மா கிடக்கிறது. அந்தக் கையை நீவியும் இழுத்தும் சரிசெய்ய முயல்வது ஆபத்து. உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். பிரிட்டனின் மகப்பேற்று மருத்துவக் கல்லூரி தரும் கணக்கின்படி, தோள் சிக்கிய பிரசவங்களால் இந்த நரம்புக் காயம் அடையும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவர்களுக்கே ஊனம் நிரந்தரமாகிறது. மற்றவர்கள் இயன்முறை சிகிச்சையோடு சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யத் தொடங்காவிட்டால், நரம்பு அறுவை சிகிச்சை தேவையா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். அறுந்த இடத்தில் ஒட்ட, பெரும்பாலும் காலிலிருந்து நரம்பை எடுப்பார்கள். காலம் தாழ்ந்தால் பலன் குறையும் என்பதால் முதல் சில மாதங்கள் பொன்னானவை.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் பிரசவம் என்றதும் நினைவுக்கு வருவது புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். உலகிலேயே அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. இன்று பிறப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கூடியிருப்பது வேறொன்று. சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கர்ப்பகால நீரிழிவு வருகிறது. இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

நீரிழிவுக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு? தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் உடல் இன்சுலினை அதிகமாகச் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு தோளிலும் உடம்பிலும் சேர்வதால், தலையோடு ஒப்பிடும்போது தோள் பெரிதாகிவிடுகிறது. அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனாலும் தோள் சிக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி, நான்கு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கே நேர்கிறது. யாருக்கு நேரும் என்று முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை.

இங்கேதான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். கை தளர்ந்திருக்கிறது, ஆகவே மருத்துவர் தவறு செய்திருக்கிறார் என்ற முடிவுக்கு நீதிமன்றம் அவ்வளவு எளிதில் வராது. தாயின் கருப்பை தள்ளும் விசையே நரம்பை இழுத்துவிடலாம் என்பதற்கு ஆதாரங்கள் உள்ளன. மறுபுறம், பிரிட்டனில் இழப்பீடு கோரப்பட்ட இத்தகைய காயங்களை ஆராய்ந்தபோது, 46 விழுக்காட்டில் சிகிச்சை தரக்குறைவாக இருந்தது தெரியவந்தது.

சரியான முறை என்ன என்பதில் மருத்துவ உலகில் பெரிய குழப்பம் இல்லை. உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்றாக மடக்க வேண்டும். அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். கருப்பையின் உச்சியில் அழுத்தவே கூடாது. அப்படியும் வராவிட்டால் குழந்தையின் பின்பக்கக் கையை முதலில் எடுக்கலாம். பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் எல்லா மகப்பேற்று ஊழியர்களுக்கும் இதைப் பொம்மை வைத்து ஆண்டுதோறும் பயிற்றுவித்தார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் நேர்வது 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தது. கைப்பழக்கம் இவ்வளவு மாற்றத்தைத் தரும்போது, 'விதி' என்று சொல்லி நகர்ந்துவிடப் பெற்றோருக்கு மனம் வராததில் வியப்பில்லை.

இந்தத் துறையின் சட்டத்தையே திருப்பிப் போட்ட வழக்கும் ஒரு தோள் சிக்கலில் பிறந்ததுதான். ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷியரில் 1999 அக்டோபர் முதல் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் நீரிழிவு நோயாளி, குள்ளமானவர். குழந்தை பெரிதாக இருக்குமோ, இயற்கையாகப் பெற முடியுமோ என்று மருத்துவரிடம் கவலைப்பட்டிருக்கிறார். நீரிழிவுள்ள தாய்மாருக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. கடுமையான விளைவு அரிது, சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் வாதம். தலை வந்தபின் உடல் வெளிவர 12 நிமிடங்கள் ஆயின. குழந்தைக்கு மூளை முடக்குவாதமும் கையில் நரம்புக் காயமும் ஏற்பட்டன. ஸ்காட்லாந்தின் இரண்டு நீதிமன்றங்களில் தோற்ற தாய், 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் வென்றார், இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு. மாண்ட்கோமரி தீர்ப்பு என்று அறியப்படும் அது, எந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவரின் பார்வையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நோயாளிக்கு எது முக்கியம் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது.

சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே மாதம் இந்த அணுகுமுறையைச் சில மாற்றங்களோடு ஏற்றது. இது மருத்துவர்களுக்குக் கலக்கம் தந்தது. 2019ல் பக்கவிளைவுகளைச் சொல்லாமல் ஊசி போட்டதற்காக எலும்பு மருத்துவர் ஒருவருக்கு ஒழுங்கு நடுவர் குழு 100,000 வெள்ளி அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வம்பு எதற்கு என்று தற்காப்புக்காகவே சிகிச்சை தரும் போக்கு வளரும் என்ற அச்சம் எழ, நாடாளுமன்றம் 2020ல் சட்டம் இயற்றியது. 2022 ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. இப்போது மருத்துவர் சொன்ன ஆலோசனையைச் சக மருத்துவர்களின் கருத்தை வைத்து அளக்கிறார்கள். ஆனால் அந்தக் கருத்து, நோயாளியின் நிலையில் இருப்பவர் நியாயமாக எதிர்பார்க்கும் தகவலையும், அவர் தமக்கு முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரியப்படுத்தியதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

எனவே பரிசோதனை அறையில் தாய் கேட்கும் கேள்விக்கு இன்று சட்டத்தில் எடை உண்டு. "குழந்தை பெரிதா? எனக்குச் சர்க்கரை இருப்பதால் தோள் சிக்குமா? சிசேரியன் செய்தால் என்ன அபாயம்?" என்று கேட்கலாம். பதிலோடு கேள்வியையும் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்வதும் நல்லது. நம் வீடுகளில் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்றொரு எண்ணம் இன்னும் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டிய நேரம் இது.

காயம் நேர்ந்துவிட்டால் முதலில் கேட்க வேண்டியது மருத்துவமனைப் பதிவுகள். தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், என்னென்ன முறைகள் எந்த வரிசையில் செய்யப்பட்டன, யார் யார் அறையில் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வழக்கின் உயிர் அங்கேதான். பிறகு இன்னொரு மகப்பேற்று நிபுணரின் கருத்து தேவை. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் செய்தால் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். குடும்பத்துக்குப் பணம் கிடைக்காது. இழப்பீட்டுக்கு சமரசப் பேச்சு ஒரு வழி, உரிமையியல் வழக்கு இன்னொரு வழி.

உடற்காயத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். குழந்தையின் சார்பான வழக்கில், குழந்தை சட்டப்படி பெரியவராகும்வரை அந்தக் கெடு ஓடத் தொடங்காது. அதற்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. சாட்சிகளின் நினைவு மங்கும், ஊழியர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு பேசிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம்.

தொகையைக் கணக்கிடுவது வலிக்கு விலை போடுவதோடு முடிவதில்லை. பல ஆண்டுச் சிகிச்சை, பெரியவனானபின் ஒரு கையால் என்ன வேலை பார்க்க முடியும், எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதெல்லாம் சேரும். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996ல் குறைமாதத்தில் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை இழந்த குழந்தைக்கு, 2015ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கியபோது, வருங்கால விலைவாசி உயர்வையும் சேர்த்தே கணக்கிட்டது. அந்தக் குடும்பம் 19 ஆண்டு காத்திருந்தது.

சிங்கப்பூரில் குழந்தையின் சார்பில் தொடுத்த வழக்கில் இருதரப்பும் ஒரு தொகைக்கு உடன்பட்டாலும், நீதிபதி அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தொகை போதுமா என்பதை அவர் குழந்தையின் நலனை வைத்தே முடிவு செய்வார்; பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது.