50 ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்த இசை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், முதல் வாரம் நடக்கும் வேலைகளில் பாட்டு கேட்பது நிச்சயம் இருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கட்டுரை டைப் செய்யும்போது பின்னணியில் ஏதாவது ஓடிக் கொண்டிருக்க வேண்டும். பாடல் வரிகள் இருந்தால் கவனம் சிதறும் என்பதால் வாத்திய இசைதான் கேட்பேன். அப்படி இணையத்தில் தேடியபோது கிடைத்தது, டப்பி ஹேய்ஸ் என்ற லண்டன் சாக்ஸபோன் கலைஞரின் ஆல்பம். பெயர் ‘கிரிட்ஸ், பீன்ஸ் அண்ட் கிரீன்ஸ்’. பதிவு செய்த ஆண்டு 1969. வெளிவந்த ஆண்டு 2019. அச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன். பிழை இல்லை. நடுவில் இருந்த 50 ஆண்டுகளும் அந்த டேப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது.

ஜாஸ் என்றாலே அமெரிக்கா என்று நினைப்பவர்கள் நாம். ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, லண்டன் இளைஞர்கள் சிலர் நியூயார்க்கில் பிறந்த ‘பீபாப்’ என்ற வேகமான புதுவகை ஜாஸ் மீது பைத்தியமாக இருந்தார்கள். அமெரிக்கக் கலைஞர்கள் பிரிட்டனுக்கு வந்து வாசிக்க 1930களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் தடை இருந்தது. எனவே இவர்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பல்களில் இசைக்குழு வேலைக்குச் சேர்ந்து, கப்பல் நியூயார்க்கில் நிற்கும் நேரத்தில் கிளப்புகளுக்கு ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். இன்று ஒரு கிளிக்கில் கேட்கிறோம்! அப்படிப் போனவர்களில் ஒருவரான ரோனி ஸ்காட்தான், 1959ல் லண்டன் ஜெரார்ட் தெருவில் தன் பெயரிலேயே ஜாஸ் கிளப் தொடங்கினார். 1965ல் பிரித் தெருவுக்கு மாறிய அந்த கிளப் இன்னும் நடக்கிறது.

டப்பி ஹேய்ஸ் 1935ல் பிறந்தவர். 1957 முதல் 1959 வரை ரோனி ஸ்காட்டுடன் சேர்ந்து ‘ஜாஸ் கூரியர்ஸ்’ என்ற குழுவை நடத்தினார். 1961ல் நியூயார்க் சென்று அமெரிக்கக் கலைஞர்களோடு ஒரு ஆல்பமே பதிவு செய்தார். அமெரிக்கர்களுக்குச் சமமாக வாசிக்கக் கூடிய பிரிட்டிஷ்காரர் என்று பெயர் எடுத்தவர்.

1969 மே, ஜூன் மாதங்களில், லண்டன் ஸ்டான்ஹோப் பிளேஸில் இருந்த பிலிப்ஸ் ஸ்டுடியோவில், பான்டானா நிறுவனத்திற்காக இந்தப் பதிவு நடந்தது. பியானோ மைக் பைன், பாஸ் ரான் மாத்யூசன், டிரம்ஸ் ஸ்பைக் வெல்ஸ். (ஸ்பைக் வெல்ஸ் பின்னாளில் பாதிரியார் ஆனார் என்பது தனிக் கதை.) ஆனால் அது ராக் இசை கொடிகட்டிப் பறந்த நேரம். அந்த டேப் வெளியாகவில்லை. மறு ஆண்டு கடைகளுக்கு வந்தது, அன்றைய பாப் பாடல்களைப் பெரிய குழுவோடு ஹேய்ஸ் வாசித்த வேறொரு ஆல்பம். 1973 ஜூன் மாதம் இதய அறுவை சிகிச்சையின்போது ஹேய்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. தன் நால்வர் குழுவோடு வாசித்த அந்தப் பதிவை இசைத்தட்டாகக் கையில் பிடித்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் தருவது, 2019ல் கேட்கும்போது அது நேற்று பதிவு செய்ததுபோல் இருப்பதுதான். டிரம்ஸின் சிம்பல் ஒலி மெல்ல அடங்குவது கூடக் கேட்கிறது. இது எப்படி முடிந்தது?

காரணம், ஸ்டுடியோவில் ஓடிய மூல டேப்பே பத்திரமாக இருந்ததுதான். காந்தத் துகள் பூசிய கால் அங்குல டேப், ஒரு நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுவது அன்றைய ஸ்டுடியோக்களின் வழக்கம். நம் கேசட்டில் டேப் ஓடுவது நொடிக்கு 1.875 அங்குலம் மட்டுமே; அகலமும் அதைவிடக் குறைவுதான். எட்டு மடங்கு வேகத்தில், கூடுதல் அகலத்தில் எழுதினால் விவரங்கள் எவ்வளவு கூடுதலாகப் பதியும் என்று பாருங்கள். டேப் பழசானாலும் அதில் எழுதப்பட்டது பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. கியர்பாக்ஸ் என்ற லண்டன் நிறுவனம், பழைய அனலாக் கருவிகளைக் கொண்டே இந்த டேப்களை இசைத்தட்டுக்குத் தயார் செய்தது.

எல்லா டேப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1964 ஏப்ரலில் பி.பி.சி. தன் இரண்டாவது சேனலைத் தொடங்கியபோது ‘ஜாஸ் 625’ என்ற நிகழ்ச்சி வந்தது. 625 என்பது புதிய டிவி படத்தில் இருந்த கோடுகளின் எண்ணிக்கை. பழைய சேனலில் 405 கோடுகள்தான். இன்று நாம் 1080, 4கே என்று பெருமை பேசுவதுபோல், அன்று நிகழ்ச்சிக்கே கோடுகளின் எண்ணிக்கையைப் பெயராக வைத்தார்கள்! ஆனால் அக்கால வீடியோ டேப் மிகவும் விலை கூடியது. அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். எனவே பி.பி.சி. ஏராளமான நிகழ்ச்சிகளை அழித்தது. பிலிமில் நகல் எடுத்து வைத்தவை தப்பின. வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான ஜாஸ் நிகழ்ச்சிகளிலும் பல அப்படியே காற்றோடு போயின. சிலவற்றைக் காப்பாற்றியது, வீட்டில் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள்தான். மேலே சொன்ன ரான் மாத்யூசன் 2020ல் காலமானார். அவர் தன்னிடம் வைத்திருந்த டேப்களிலிருந்தும் பின்னர் ஆல்பம் வந்திருக்கிறது.

டேப் இருந்தால் மட்டும் போதாது. ஒட்டிய இடங்களில் பசை காய்ந்து, ஓடும்போதே இரண்டாகப் பிரியும். அடுத்தடுத்த சுற்றுகளில் காந்தம் ஒட்டி, பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் மெலிதாகக் கேட்கும். 1970களில் வந்த சில வகை டேப்களில் பூச்சு பிசுபிசுப்பாகிவிடும். அவற்றைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்த பிறகே ஓட்ட முடியும். (தயவு செய்து வீட்டு அவனில் முயற்சிக்க வேண்டாம்.) எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகின்ற மெஷின் வேண்டும், அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளைக் காப்பாற்ற இன்னும் சுமார் 15 ஆண்டுகள்தான் இருக்கின்றன என்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் 2015ல் எச்சரித்தது இதனால்தான்.

இப்போது என் கதை. 2004ல் என் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் 10 ஜிபி. அதுவும் நிறைந்திருந்தது. அப்பா பாடிய ஒரு கேசட் வீட்டில் இருந்தது. அதை எம்பி3 ஆக மாற்றினேன். இடம் மிச்சம் பிடிக்க 64 கேபிபிஎஸ் என்று செட் செய்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. "கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், இனி கேசட் எதற்கு" என்று அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தேன். 2011ல் அப்பா போய்விட்டார். இன்று அந்த பைலைத் திறந்தால், தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் குரல் வருகிறது. எம்பி3 தூக்கி எறிந்த விவரத்தை எந்த சாப்ட்வேரும் திருப்பித் தராது. பைலின் பெயர் என்ன தெரியுமா? ‘டிராக் 01’. எந்த ஆண்டு பாடினார், எந்த விசேஷத்தில் பாடினார், எதுவும் எழுதி வைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி, சிடி தரத்தில் சுமார் 635 எம்பி. ஆவணக் காப்பகங்கள் விரும்பும் 96 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சுமார் 2 ஜிபி. 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 29 எம்பிக்குள் முடிந்துவிடும். அன்று 635 எம்பி எனக்கு மலையாகத் தெரிந்தது. இன்று போனில் எடுக்கின்ற இரண்டு நிமிட வீடியோ கூடச் சில சமயம் அதற்குப் பக்கத்தில் வருகிறது.

உங்கள் வீட்டில் கேசட் இருந்தால் இப்படிச் செய்திடலாம். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடவும். தவறிப் போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டவும். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஹெட்செட் துளைதான் இருக்கிறது. அதில் வருகின்ற மைக் இணைப்பு ஸ்டீரியோ அல்ல. எனவே ‘லைன் இன்’ உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் ஒன்றை வாங்கி, பிளேயரின் ஹெட்போன் துளையை அதனுடன் இணைக்கவும். இலவச சாப்ட்வேரான ஆடாசிட்டியைத் திறந்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் அந்த அடாப்டரைத் தேர்ந்தெடுக்கவும். சிவப்புப் பட்டனைக் கிளிக் செய்து சத்தமான இடத்தை ஓட்டிப் பார்க்கவும். அளவு மீட்டர் மைனஸ் 6ஐத் தாண்டாதவாறு பிளேயரின் ஒலியைக் குறைக்கவும். உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னால் சரி செய்வது கடினம்.

முடிந்ததும் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்திடவும். இரைச்சல் நீக்குவது போன்ற வேலைகளை நகலில் மட்டும் செய்யுங்கள். அதே போல்டரில் நோட்பேட் பைல் ஒன்றில், பாடியவர் யார், எங்கே, எப்போது, கேசட் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதையும் டைப் செய்து வைக்கவும். இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் இருக்கட்டும். கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

போன மாதம் அத்தையிடம் பேசியபோது இந்தக் கதையைச் சொன்னேன். "உங்கப்பா பாடினது எங்கிட்டயும் ஒண்ணு கிடக்குடா. என் கல்யாணத்துல பாடினது. ஓடுமான்னு தெரியல" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அடாப்டரையும் பிளேயரையும் எடுத்துக் கொண்டு அத்தை வீட்டுக்குப் போகிறேன்.