அவருக்குப் பிடித்த பாடல் எது?

எனக்குப் பிடித்த பாடல் எது என்று கேட்டால், தயங்காமல் திருப்புகழ் என்பேன். நம் திருவண்ணாமலையில் பிறந்தவராகப் போற்றப்படும் அருணகிரிநாதரின் சந்தங்களை, 1964-இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடியதை இன்றும் கேட்டு மகிழ்கிறேன். உங்கள் விருப்பம் நாட்டுப்புறப் பாடலாகவோ இளையராஜாவின் இசையாகவோ இருக்கலாம். மருத்துவ நோக்கில், அவரவர் விருப்பமே முதன்மையானது.

பக்கவாத நோயாளிகளிடம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. தாமே தேர்ந்த பாடல்களை இரண்டு மாதங்கள், நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் கேட்டவர்களுக்குச் சொல் நினைவாற்றலும் கவனமும் ஏனையோரைவிட நன்கு மீண்டன.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த சிலரால், நெடுநாள் பழகிய பாடலைச் சொற்களோடு பாட முடிகிறது. பேச்சு பெரிதும் இடப்பக்கத்தைச் சார்ந்தது. இசையிலோ வலப்பக்கமும் பங்கு கொள்கிறது.

ஆனால், பேச இயலாதவரிடம் அவர் விருப்பத்தைக் கேட்டறிவது எளிதன்று. ஆகவே, வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்த பத்துப் பாடல்களை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பிடிக்காதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்தாள் மருத்துவக் கோப்பிலேயே இருக்கட்டும்.

படுக்கையருகே, மற்ற நோயாளிகளுக்கு இடையூறின்றி, இயர்போன் வழியே மெல்லிய ஒலியில் கேட்கச் செய்யுங்கள். அவர் முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். மருந்துக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் பாடல் மாற்றாகாது. ஆனால் அவற்றோடு சேர்ந்த நல்ல துணை அது.