குர்ஆன் கேட்க ஒரு சிறிய பிளேயர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



யானைக்கவுனியில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் சாமான் என்றால் நினைவுக்கு வருவது இரண்டு இடங்கள். ஒன்று ரிச்சி தெரு. மற்றொன்று, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1960களில் உருவான பர்மா பஜார். இரண்டுக்கும் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். பார்த்து வாங்கத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

உம்மாவுக்காக நாங்கள் ஒரு கடையில் எம்பி3 பிளேயரும் 64 ஜிபி மெமரி கார்டும் வாங்கினோம். மூன்று காரிகளின் முழு கிராஅத்தும் நூற்றுக்கணக்கான பயான்களும் ஏற்றினோம். கடைசியாக, மறைந்த வாப்பா வீட்டில் யாஸீன் ஓதியபோது செல்போனில் எடுத்த பதிவையும் சேர்த்தோம். செல்போனில் இடம் போதவில்லை என்று அங்கிருந்து அழித்தும் விட்டோம். சில நாட்களில் பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. சோதித்தபோதுதான் தெரிந்தது, கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிதான். வாப்பாவின் குரல் திரும்பக் கிடைக்கவில்லை. பில் வாங்காததால் கடையில் கேட்கவும் வழியில்லை. இது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

செல்போன் இருக்க இது எதற்கு?

ஆப்பிள் நிறுவனம் 2001-ல் கொண்டு வந்த ஐபாடை 2022-ல் நிறுத்திவிட்டது. இருந்தாலும் குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைக்கும், செல்போன் கையாளத் தெரியாத பெரியவர்களுக்கும் தனிக் கருவியே வசதி. இடையில் அழைப்பு வராது, வீடியோ பக்கம் கை போகாது. இணையமும் தேவையில்லை.

எவ்வளவு ஜிபி தேவை?

முழுக் குர்ஆன் ஓத, வேகத்தைப் பொறுத்து, சுமார் 30 மணி நேரம் ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. அப்படியானால் முழு கிராஅத்துக்கும் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். 8 அல்லது 16 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். விலை குறைந்த பல பிளேயர்கள் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளைப் படிப்பதும் இல்லை.

போலி கார்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கார்டுக்குள் இருக்கும் சிப்பில் பொய்யான அளவை எழுதி விடுகிறார்கள். கணினியும் அதையே காட்டும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு ஏற்றுபவை பெயரளவில் பட்டியலில் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. வாங்கியதும் கார்டு காலியாக இருக்கும்போதே விண்டோஸ் கணினியில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' என்ற இலவச மென்பொருளால் சோதியுங்கள். கார்டு முழுவதையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடையில் கேட்க வேண்டியவை

• ஏ-பி ரிப்பீட்: ஒரு ஆயத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். மனனம் செய்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.
• விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி: இல்லாவிட்டால் நீண்ட பயானை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.
• பட்டன்: பெரியவர்களுக்குத் தொடுதிரை வேண்டாம், தடவிப் பார்த்தே அறியும் பட்டன் போதும்.
• பேட்டரி: கழற்றி மாற்றக்கூடியதா என்று பாருங்கள். பேட்டரியிலும் சார்ஜரிலும் பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஏற்றும்போது கோப்புகளுக்கு 001 முதல் 114 வரை மூன்று இலக்கத்தில் பெயரிடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் பல பிளேயர்களில் 1-க்குப் பிறகு 10, அதன் பின் 100 என்று வரிசை மாறும். மனனத்துக்கு நிதானமாக ஓதும் காரியைத் தேர்ந்தெடுங்கள். 1961-ல் முழுக் குர்ஆனையும் முரத்தல் முறையில் பதிவு செய்த எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் கிராஅத்தை ஆசிரியர்கள் இன்றும் பரிந்துரைக்கிறார்கள்.

காதும் ஓர் அமானிதம்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல். 90 டெசிபலுக்கு ஏற்றினால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு. தினமும் பல மணி நேரம் கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் சிறிய ஸ்பீக்கரே நல்லது. இயர்போன் போட்டால், ஒரு கை தூரத்தில் நாம் பேசுவது அதற்குக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிராஅத் தொலைந்தால் மீண்டும் பதிவிறக்கலாம்; பெற்றோர் குரல் தொலைந்தால் கிடைக்காது. அத்தகைய பதிவு உங்களிடம் இருந்தால் இன்றே இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.