ஏரிக்கரையில் ஓட்டப்பாதை: கல் பதிக்கும் முன்பே கேளுங்கள்

வடலூர் 2021இல் நகராட்சியானது. நகராட்சி என்றால் பூங்கா வரும், விளக்கு வரும், ஏரிக்கரையில் நடைபாதையும் வரும். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம், மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று ஊர்களைப் பழக்கிவிட்டது. மக்கள் ஓட வருவது நல்லதுதான். ஆனால், கரை முதலில் தண்ணீரைத் தாங்குவதற்காகப் போட்டது. வீராணமும் பெருமாள் ஏரியும் உள்ள இந்தக் கடலூர் மாவட்டத்தில் மதகும் கலங்கலும் வரத்து வாய்க்காலும் அடைபட்டால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கோவையைப் பாருங்கள். 2016இல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரில், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் நடைபாதையும் சைக்கிள் பாதையுமாக மாறின. மாலையானால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கரையைக் கான்கிரீட் ஆக்குவதைச் சூழல் ஆர்வலர்கள் எதிர்க்கவும் செய்தார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆழமில்லாத, சேறும் கோரையுமான ஓரத்தில்தான் பறவைகள் இரை தேடும். அங்கே சுவர் எழுப்பினால் அந்த இடம் போய்விடும். பாதையைக் கரையின் மேலேயே நிறுத்திக்கொண்டு, தண்ணீர் ஓரத்தை அப்படியே விட்டாலே போதும்.

அதனால், கேட்க வேண்டிய நேரம் பணி தொடங்குவதற்கு முன்புதான். தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மதிப்பீடு, வரைபடம், ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டுக்குப் பராமரிப்புப் பொறுப்பு ஏற்றிருக்கிறார் என்ற மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பராமரிப்புக் காலம் தெரிந்துவிட்டால், பெயர்ந்த கல்லை யார் செலவில் சரிசெய்வது என்ற இழுபறிக்கே இடமிருக்காது. ஏரியின் எல்லையை வருவாய்த் துறையின் ஏ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்க்கலாம். பாதை என்ற பெயரில் ஏரி சுருங்கினால், முன்பு பொதுப்பணித் துறையிடமும் இப்போது நீர்வளத் துறையிடமும் உள்ள ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் நாடலாம். ஆனால் பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

ஓடுகிறவரின் உடம்புக்கும் வருவோம். பேவர் பிளாக் கல் சமமாக இருக்கும் வரைதான் நல்லது. அடியில் மண் இறங்கி ஒரு கல் தூக்கிக்கொண்டால், இருட்டில் கணுக்கால் பிசகும். மழையில் பாசி பிடித்தால் வழுக்கும். கான்கிரீட் பாதையின் ஓரமாக ஓர் ஆள் ஓடும் அகலத்துக்கு மண் தடம் விடச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை, மூட்டுக்கும் இதம். ஒருபக்கம் சரிந்த பாதையில் தினமும் ஒரே திசையில் சுற்றினால் ஒரு காலுக்கே சுமை கூடும். ஒருநாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் ஓடுங்கள். கடலோர மாவட்டத்துக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் உடல் சூடேறும். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் விளக்குக் கம்பத்தைத் தொடாதீர்கள். வயர் வெளியே தெரிந்தால் நகராட்சிக்கும், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கும் சொல்லுங்கள். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். அதன் எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். விளக்கில்லாத பாதை பெண்களுக்கு மூடப்பட்ட பாதை. இதை வார்டு உறுப்பினரிடம் மனுவாகவே கொடுங்கள். தொந்தரவு என்றால் 181 அல்லது 112.

பெயர்ந்த கல்லில் விழுந்து அடிபட்டவர் அந்த இடத்தை அன்றே படம் எடுக்க வேண்டும், மருத்துவச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். முதலில் நகராட்சி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார், அல்லது முதல்வரின் 1100 எண். அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான எண் 15100.