வாசகனின் கத்தரிக்கோல்

ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி இனி வாசகனுடையது என்ற ரோலான் பார்த்தின் வாதத்தை நம்மில் பலரும் ஒரு விடுதலைச் செய்தியாகவே வாங்கிக்கொண்டோம். நானும்தான். அந்த வாசகன் கையில் நிஜமாகவே ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தால் என்ன செய்வான்? 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். வெளியான படத்தைக் கணினியில் ஏற்றி, காட்சிகளை நீக்கி, வரிசை மாற்றி, தங்களுக்கான படமாக மறுபடி தொகுத்துக்கொள்வது. 'ஃபேன் எடிட்' என்று இதற்குப் பெயர்.

பரவலாகப் பேசப்பட்டது 'தி ஃபாண்டம் எடிட்'. 1999இல் வந்த 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்திலிருந்து மைக் ஜே. நிக்கல்ஸ் என்ற தொகுப்பாளர் ஏறத்தாழ 20 நிமிஷத்தைக் கழித்தார். ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தின் சேட்டைகளைக் குறைத்தார். 2001இல் அது வீடியோ கேசட்டாகக் கைமாறிக் கைமாறிப் பரவியது.

ஆனால் இதே வேலையை ஆசிரியரே முன்னால் செய்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. ஜார்ஜ் லூகாஸ் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்துப் பேசினார். லாபத்துக்காகக் கலைப்படைப்பை மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்றார். 1997இல் தன்னுடைய 1977ஆம் வருஷத்துப் படத்தை அவரே மாற்றினார். மதுக்கடைக் காட்சியில் ஹான் சோலோ மேஜைக்கடியில் துப்பாக்கியை உருவி க்ரீடோவைச் சுட்டுவிடுவான். புதிய வடிவத்தில் க்ரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான், அப்புறம்தான் ஹான். ஒரு நொடி சமாச்சாரம். ஒரு போக்கிரி யோக்கியனாகிவிட்டான். பழைய வடிவம் 2006இல் டிவிடியில் வந்தபோதுகூட, 1993இன் லேசர் டிஸ்க் பிரதியிலிருந்து எடுத்த மங்கலான உபரியாகத்தான் வந்தது.

செக் நாட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவர் பல மூலங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேகரித்து, 'டீஸ்பெஷலைஸ்ட் எடிஷன்' என்று 1977இன் படத்தைத் திரும்பக் கட்டினார். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது பாடபேதம் பார்க்கிற வேலையாகவே தெரிகிறது. ஏடுகளை ஒப்பிட்டு இடைச்செருகலை நீக்குவது. இடைச்செருகியவர் மூல ஆசிரியரே என்பதுதான் இங்கே வித்தியாசம். சட்டத்தின் கண்ணில் லூகாஸ் செய்தது உரிமை, இவர் செய்தது மீறல். ஆசிரியனிடமிருந்தே பிரதியைக் காப்பாற்றுகிற வாசகன்! இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரையும் சௌகரியமாக முடிந்திருக்கும்.

2018 ஜனவரியில், பெயர் சொல்லாத ஒரு ஆசாமி 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தை வெட்டி வெளியிட்டார். இரண்டரை மணி நேரப் படம் 46 நிமிஷமானது. கழிக்கப்பட்டவர்கள் பெண்கள். படை நடத்துகிற பெண், ஆணின் திட்டத்தை மறுக்கிற பெண், எல்லாரும் அவுட். 'டீ-ஃபெமினைஸ்ட்' என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். படத்தின் இயக்குநரும் நடிகர்களும் சிரித்துத் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரும் வாசகர்தானே? அதே கருவி, அதே சுதந்திரம், அதே 'பிரதி என்னுடையது'. செக் ஆசிரியரையும் இவரையும் பிரித்துப் பார்க்க, நாம் கொண்டாடிய கோட்பாட்டுக்குள் என்ன இருக்கிறது? வாசகனுக்கு உடம்பே இல்லாததுபோல எழுதிவிட்டோம். அவனை ஆண்பால் விகுதி போட்டே எழுதிவந்தோம், இந்தக் கட்டுரை உட்பட.

இத்தனைக்கும் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் பெண்களே முக்கியமானவர்கள். 1975இல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் தொகுப்பறையில் வெட்டிப்போட்ட படச்சுருள் துண்டுகளை ஸ்லைடுகளாக்கி, ஒரு பாட்டோடு சேர்த்து ரசிகர் கூட்டத்தில் காட்டினார். பின்னால் வீட்டுக்கு வீடு விசிஆர் வந்ததும், பெண்கள் இரண்டு விசிஆர்களை இணைத்து வைத்துக்கொண்டு, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிந்து, பாட்டுக்கு ஏற்ப ஷாட்டுகளை மாற்றிக் கோத்தார்கள். கோத்த கேசட்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது வழக்கம்போல 'வாசகன்' என்று போட்டுப் பார்த்தேன். வாக்கியம் நிற்கவில்லை.